செக்கில் யார் கையெழுத்து?

கேள்வி: தூத்துக்குடியில் ஆறு வருடமாக டாக்குமெண்டரி கம்பெனி நடத்துகிறேன். நாங்கள் நாலு பேர். தொண்டு நிறுவனங்களுக்குப் படம் எடுத்துக் கொடுத்துத்தான் ஓடுகிறது. இரண்டு இடத்தில் எட்டு மாதமாகப் பணம் நிற்கிறது. உப்பளப் பெண்களைப் பற்றிய சொந்தப் படம் எடிட்டிங்கில் கிடக்கிறது. பைனான்ஸில் மூன்று லட்சம் வாங்கி முடித்துவிடலாமா? (எனக்கு சிபில் கடன் மதிப்பெண் சரியில்லாததால் கம்பெனியின் புரொப்ரைட்டர், அதாவது உரிமையாளர், என் மனைவி. அவளுக்கு இதில் ஒன்றும் தெரியாது, செக்கில் கையெழுத்துப் போடுவதோடு சரி.)

பதில்: தம்பி, மூன்று லட்சம் இருக்கட்டும். அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைத்தீர்களே, அதற்கு வருகிறேன்.

கம்பெனி தொடங்க யாரும் சிபில் பார்ப்பதில்லை. கடன் கொடுக்கிறவர்தான் பார்ப்பார். ஆக, மனைவி பெயரை எதற்குப் போட்டீர்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். புரொப்ரைட்டர் கம்பெனிக்குச் சட்டத்தில் தனி உயிர் கிடையாது. அதன் கடன் முழுக்க அவருடைய கடன். பைனான்ஸ்காரர் கையெழுத்துப் போட்ட வெற்று செக் கேட்பார். அது பணமில்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு: இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். சம்மன் கொண்டுவருகிறவர் வாசலில் நின்று 'டைரக்டர் சார் இருக்காரா' என்று கேட்கமாட்டார். உங்கள் மனைவி பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்.

உப்பளத்தில் கேமராவை வெளியே எடுக்குமுன் அந்தப் பெண்களுக்கு ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டியிருப்பீர்கள். எதற்கு எடுக்கிறோம், எங்கே காட்டுவோம், பிடிக்காவிட்டால் மறுக்கலாம் என்று வரி வரியாகச் சொல்லியிருப்பீர்கள். வீட்டில் மட்டும் செக் புத்தகத்தை நீட்டி 'இங்க போடு' என்றால் போதுமா? அவருக்கு ஒன்றும் தெரியாதாம். நீங்கள் சொல்லிக் கொடுத்தீர்களா? கட்டியவளுக்குத் தெரியாமல் அவள் தலையில் கடனை ஏற்றுகிறவருக்கு நான் ஒருநாளும் பரிந்து பேசியதில்லை. அவர் எவ்வளவு நல்ல படம் எடுத்தாலும் சரி.

வராத பணத்தை எட்டு மாதம் கேட்காமல் விட்டது உங்கள் தப்பு. அடுத்த வேலையை ஒப்புக்கொள்ளுமுன் உத்யம் என்கிற மத்திய அரசின் சிறுதொழில் பதிவைச் செய்யுங்கள், இலவசம்தான். 2006-ஆம் வருடச் சிறுதொழில் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. பழைய பாக்கிக்கு நேரில் போய் உட்காருங்கள். போகும்போது முதலாளியையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் மனைவியைத்தான் சொல்கிறேன்.

இன்று ராத்திரியே பாஸ்புக், பாக்கிப் பட்டியல், வரித் தாள்கள் எல்லாவற்றையும் அவர் முன்னால் பரப்புங்கள். பேங்க் ஓடிபி யார் போனுக்கு வருகிறது? உங்கள் போனுக்கு என்றால் முதலில் அதை மாற்றுங்கள். எல்லாம் கேட்டுவிட்டு அவர் வாங்கலாம் என்றால் வாங்குங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. வேண்டாம் என்றால் படம் கிடக்கட்டும். ஐப்பசி மழைக்கு உப்பளமே சும்மா கிடக்கிறது.