ஸ்கோப் உயரம்: எங்கிருந்து எதுவரை?

ஸ்கோப்பை ரைபிளில் பிடித்து வைக்கும் ரிங்கின் பெட்டியில் “உயரம் 28 மி.மீ.” என்று இருக்கிறது. குண்டு எவ்வளவு இறங்கும் என்று சொல்லும் கணிப்பு ஆப்பில் ஸ்கோப் உயரமாக அதையே போடலாமா? (பண்டாரவளை)

போடக்கூடாது. பெட்டியில் உள்ளது ரெயிலின் (ரைபிளின் மேல் ரிங்கைப் பூட்டும் பட்டை) மேற்பரப்பிலிருந்து ரிங்கின் மையம் வரையான அளவு. சில கம்பனிகள் ரிங்கின் அடிவிளிம்பு வரைதான் அளக்கின்றன. ஆப் கேட்பதோ குழல் துளையின் நடுவிலிருந்து ஸ்கோப் டியூப்பின் நடுவரை உள்ள உயரம். அதை உங்கள் ரைபிளில்தான் அளக்க வேண்டும்.

முதலில் மகஸினைக் கழற்றி, அறை (தோட்டா உட்காரும் இடம்) காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். இதற்கு விதிவிலக்கே கிடையாது. பிறகு போல்ட்டை (அறையைப் பின்னாலிருந்து மூடும் உருளை) பாதி பின்னுக்கு இழுத்தால் ஸ்கோப்புக்குக் கீழே போல்ட்டின் உடல் தெரியும். அதன் மேல்விளிம்புக்கும் டியூப்பின் அடிவிளிம்புக்கும் உள்ள இடைவெளியை வேணியர் கலிப்பரால் அளந்து, போல்ட் விட்டத்தில் பாதியையும் டியூப் விட்டத்தில் பாதியையும் கூட்டுங்கள். போல்ட் 17.8, டியூப் 30, இடைவெளி 22 மி.மீ. என்றால் 8.9 + 15 + 22 = 45.9. ஆப்பில் 46 போடலாம். டியூப் ஒரு அங்குல வகை என்றால் பாதி 12.7. கலிப்பரின் தாடைகளில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டால் ஸ்கோப்பில் கீறல் விழாது.

ஒரு எச்சரிக்கை: சில .22 ரிம்ஃபயர் ரைபிள்களில் போல்ட்டின் மையமும் துளையின் மையமும் ஒரே கோட்டில் இருப்பதில்லை. அவற்றுக்கு அடுத்த பதிலில் உள்ள முறைதான் சரி.

என்னுடையது குழலை மடக்கும் ஏர் ரைபிள். போல்ட்டே இல்லை. (ஹட்டன்)

ஸ்கோப்பின் முன்வாய் (முன் லென்ஸ் உள்ள அகன்ற முனை) குழலுக்கு மேலே வருகிறதா என்று பாருங்கள். வந்தால் வேலை சுலபம். மூடியைக் கழற்றிவிட்டு முன்வாயின் வெளிவிட்டத்தை அளங்கள். லென்ஸ் 50 மி.மீ. என்றாலும் வெளிவிட்டம் அதைவிடப் பெரிதாகவே இருக்கும். லென்ஸ் அளவைப் பாதியாக்குவது அடிக்கடி நடக்கும் தவறு. அதே இடத்தில் குழலின் விட்டத்தையும் எடுங்கள். குழல் நுனியில் எடுத்த அளவு இங்கே உதவாது, பல குழல்கள் நுனிக்குப் போகப்போக மெலியும்.

இடையே உள்ள குறுகிய சந்தில் கலிப்பர் நுழையாது. டிரில் பிட்டின் வழவழப்பான பின்பகுதியை நுழைத்துப் பாருங்கள்: 4 மி.மீ. பிட் லேசாக உரசிப் போய், 4.5 போகாவிட்டால் இடைவெளி 4தான். முன்வாய் 57, குழல் 24 என்றால் 28.5 + 12 + 4 = 44.5.

முன்வாய் குழல்வரை எட்டாவிட்டால், ரைபிளைச் சாயாமல் நிறுத்தி, மட்டமான மேசையிலிருந்து குழல் மையத்தின் உயரத்தையும் டியூப் மையத்தின் உயரத்தையும் தனித்தனியே எடுத்துக் கழியுங்கள். குழலும் மேசைக்கு மட்டமாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் படம் எடுத்துத் திரையில் அளப்பது வேண்டாம். கமரா கொஞ்சம் மேலே போனாலே சில மில்லிமீற்றர் ஏமாற்றிவிடும்.

சில மில்லிமீற்றர் தப்பினால் என்ன ஆகும்? (பதுளை)

அது எத்தனை மீற்றரில் ஜீரோ செய்தீர்கள், அதாவது குறியிலேயே படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்தீர்கள் என்பதைப் பொறுத்தது. குறிப்பிட்ட தூரத்தில் வரும் பிழை = உயரப் பிழை × (தூரம் ÷ ஜீரோ தூரம் − 1). 100 மீற்றர் ஜீரோவில் 5 மி.மீ. தப்பினால் 300 மீற்றரில் 10 மி.மீ. வரும். ஸ்கோப் திருகின் 0.1 மில் கிளிக் ஒன்று (ஒரு மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அங்கே 30 மி.மீ. என்பதால் அதை யாரும் கவனிக்கப் போவதில்லை.

ஏர் ரைபிளில் நிலைமை வேறு. 25 மீற்றர் ஜீரோவில் அதே 5 மி.மீ. தப்பினால் 10 மீற்றரில் பெல்லட் 3 மி.மீ. விலகும், அந்தத் தூரத்தில் மூன்று கிளிக். 50 மீற்றரில் 5 மி.மீ., அதாவது ஒரு கிளிக். பெரிய ரைபிள்காரர்கள் உயரத்தை அரை மில்லிமீற்றருக்கு அளந்து தலையை உடைத்துக்கொள்ள, ஏர் ரைபிள்காரர்கள் ஆப்பில் முதலிலேயே இருக்கும் 1.5 அங்குலத்தை, அதாவது 38 மி.மீ.யை, அப்படியே விட்டுவிடுகிறார்கள். நடக்க வேண்டியது தலைகீழ்.

தாளில் பார்த்தே கண்டுபிடிக்கலாம். ஜீரோ சரி, கிட்டத்தில் ஆப் சொன்னதைவிடக் கீழே, தூரத்தில் மேலே படுகிறது என்றால் உயரத்தைக் குறைத்துப் போட்டிருக்கிறீர்கள். 25 மீற்றர் ஜீரோவோடு 10 மீற்றரில் ஐந்து பெல்லட் சுட்டு, அவற்றின் நடுப்புள்ளி 3 மி.மீ. கீழே இருந்தால் 3 ÷ 0.6 = 5 மி.மீ. கூட்டுங்கள். கிட்டத்தில் சரியாகி, தூரத்தில் மட்டும் பிசகினால் உயரத்தில் கை வைக்காதீர்கள். வேகத்தையோ பலிஸ்டிக் குணகத்தையோ (குண்டு காற்றுத் தடையை எவ்வளவு வெல்லும் என்று காட்டும் எண்) சந்தேகியுங்கள். ஜீரோ செய்தது 100 யாரா 100 மீற்றரா என்றும் பாருங்கள், 100 யார் என்பது 91.4 மீற்றர்தான்.

20 எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) சரிவு ரெயில். முன்னால் அளப்பதா, பின்னால் அளப்பதா? (தியத்தலாவை)

டரட் (கிளிக் திருகு) இருக்கும் நடுப்பகுதியில். அந்தச் சரிவு 100 மி.மீ. நீளத்துக்கு 0.6 மி.மீ.கூட வராது, ஆகவே முன்னால் அளந்திருந்தாலும் மறந்துவிடலாம்.

கொழும்பில் சரியாக இருந்த கணக்கின்படி சுட்டால் நுவரெலியாவில் குண்டு மேலே போகிறது. ஸ்கோப் உயரம் மாறிவிட்டதா? (நுவரெலியா)

ரிங் தளராதவரை மாறாது. மாறியது காற்று. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். அங்கே உண்மையான காற்றழுத்தம் 810 ஹெக்டோபாஸ்கலை ஒட்டி இருக்கும். ஃபோனின் வானிலை ஆப் காட்டும் 1,012 கடல் மட்டத்துக்குத் திருத்திய எண். அதைப் போட்டால் ஆப் காற்றை அடர்த்தியாக நினைத்து, குண்டு அதிகம் இறங்கும் என்று கணக்குப் போடும், நீங்கள் மேலே சுடுவீர்கள். கொழும்பின் 30 பாகை வெயிலோடு ஒப்பிட்டால் நுவரெலியாவின் 15 பாகைக் குளிரிலும் காற்று 15 வீதமளவு மெலிந்ததுதான். அந்த இடத்து அழுத்தத்தைப் போடுங்கள். அல்லது கடல்மட்ட அழுத்தம் என்று குறித்து, இடத்தின் உயரத்தைக் கொடுங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம்.

சரிவில் கீழ்நோக்கிச் சுடும்போது ஸ்கோப் உயரத்தை மாற்ற வேண்டுமா? (மஸ்கெலியா)

வேண்டாம். கோணத்தை மட்டும் கொடுங்கள். 30 பாகைச் சரிவில் 50 மீற்றருக்கு, சுமார் 43 மீற்றருக்கு உரிய இறக்கத்தைத்தான் ஆப் எடுத்துக்கொள்ளும்.