மேற்குத் தெரு வீடுகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

புதுச்சேரியின் பழைய தெருக்களைக் காக்க வேண்டும் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்கள் வீடு கால்வாய்க்கு மேற்கே, தமிழர் பகுதியில் இருக்கிறது. தாத்தாவுக்கும் முந்திய காலத்து வீடு. மூன்று பங்காளிகளுக்குப் பொது. மழை வந்தால் மேல்தளம் ஒழுகுகிறது, சுவர் ஓதம் ஏறி உதிர்கிறது. இடித்து அடுக்ககம் கட்டினால் ஆளுக்கொரு வீடும் கையில் பணமும் தருவதாக ஒரு கட்டுமான நிறுவனம் சொல்கிறது. பாரம்பரியம் பேசுகிறவர்கள் யாரும் எங்கள் கூடத்தில் வாளி வைத்து மழைநீர் பிடித்ததில்லை. கடற்கரைப் பக்கத்துப் பிரெஞ்சு வீடுகளைக் காத்தால் போதாதா? நகரம் வளர வேண்டாமா?

ச., புதுச்சேரி

அன்புள்ள ச.,

பிரெஞ்சு வீடுகளைக் காத்தால் போதாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் பழைய நகரம் என்று சொல்வது பெரும்பாலும் அதற்குப் பின் எழுந்தது. 1738 வாக்கில் கட்டிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை போல மிஞ்சியவை மிகக் குறைவு. கால்வாய்க்குக் கிழக்கே கட்டியவர்கள் உயரமான மதிலை எழுப்பி வீட்டைத் தோட்டத்துக்குள் வைத்துக்கொண்டார்கள். மேற்கே இருந்தவர்கள் வீட்டின் முன்பக்கத்தைத் தெருவுக்கே கொடுத்தார்கள். மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம் வழிப்போக்கனுக்கு, திண்ணை வந்தவருக்கு, அதற்கப்புறம்தான் கதவு, நடை, முற்றம். வசதி வந்தபோது மேலே ஒரு மாடி எழுப்பி, அதற்குப் பிரெஞ்சு வளைவுச் சன்னல்களும் சுவரோடு ஒட்டிய தூண்களும் வைத்தார்கள். கீழே தமிழ் வீடு, மேலே பிரெஞ்சு வீடு. இந்தக் கலப்பு இந்த ஊரில் பிறந்தது. கிழக்குத் தெருக்களைக் காத்துவிட்டு இதை விட்டுவிட்டால் அரிதானதைத்தான் இழப்போம்.

இந்த வீடுகள் தனியாகவும் நிற்பதில்லை. பக்கத்து வீட்டுக்கும் உங்களுக்கும் பொதுச்சுவர். தாழ்வாரங்கள் வரிசையாகத் தொடர்வதால்தான் தெருவுக்கு நிழல். நடுவில் ஒன்றை இடித்து, வண்டி நிறுத்தத் தரைத்தளத்தைத் திறந்துவிட்டு நான்கு மாடி எழுப்பினால், பக்கத்துச் சுவர் பிடிமானமில்லாமல் மழையில் நனையும். அடுத்து விழுவது அந்த வீடு.

இனி ஒழுகும் மேல்தளத்துக்கு வருகிறேன். உங்களுடையது மெட்ராஸ் டெரஸ் என்றே நினைக்கிறேன்: தேக்கு உத்திரங்கள், அவற்றின் மேல் சுண்ணாம்புக் கலவையில் குத்துவாட்டில் அடுக்கிய சிறு செங்கற்கள், அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்த தளம், கடைசியில் தட்டோடு. இது நீரைக் கொஞ்சம் உறிஞ்சி, வெயிலில் உலர்த்திவிடும் தளம். ஒழுகத் தொடங்கியதும் பெரும்பாலானவர்கள் மேலே சிமெண்ட் பூசுகிறார்கள். சிமெண்டுக்கு வெடிப்பு வரும். வெடிப்பில் இறங்கிய நீர் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கும். சுவருக்குள் புதைந்த உத்திர முனைகள் முதலில் உளுத்துப்போகும். கூடுதல் எடை வேறு. சுவரிலும் இதே கதைதான். செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவருக்குச் சிமெண்ட் பூசினால் ஓதமும் கடற்காற்றின் உப்பும் உள்ளே அடைபட்டு, பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். வீடு பழசாகிவிட்டதால்தான் விழுகிறது என்று சொல்லிச் சொல்லியே நம்மை நம்பவைத்துவிட்டார்கள். தவறான பழுதுபார்ப்பால் விழும் வீடுகள் ஏராளம். பராமரிப்பில்லாமல் விழுபவையும் உண்டு. 2014 நவம்பரில் பெருமழையில் சரிந்த, பிரெஞ்சுக் காலத்து நகரமன்றமான மேரி கட்டடம் அரசின் கையில்தான் இருந்தது. 2021இல் அதை மீண்டும் கட்டித் திறந்தார்கள். காப்பதற்கு ஆகியிருக்கும் செலவு மீண்டும் கட்டிய செலவில் எத்தனையில் ஒரு பங்கு என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

வாளியைப் பற்றி நீங்கள் எழுதிய வரியை ஏற்கிறேன். ஒரு தெருவின் அழகு ஊருக்கெல்லாம் சொந்தம், அதன் செலவு மட்டும் மூன்று பங்காளிகளுக்கு என்பது அநியாயம். இதற்கு வழி இல்லாமல் இல்லை. வைசியாள் வீதியில், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு, பழைய கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு தொடர்ச்சியாக இருந்த வீட்டு முகப்புகளைச் செப்பனிட்டது. வீட்டுக்காரர்களும் செலவில் ஒரு பங்கை ஏற்றார்கள். 2008இல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. அந்த ஏற்பாட்டைத் தெருத்தெருவாக நிரந்தரத் திட்டமாக்காமல் விட்டதுதான் என் ஆத்திரம். மும்பை 1995இலேயே பாரம்பரியக் கட்டடங்களுக்கு விதிகள் கொண்டுவந்தது. அங்கே, கட்ட முடியாமல் போன கூடுதல் பரப்புக்கான உரிமையை உரிமையாளர் வேறிடத்தில் கட்டுபவருக்கு விற்கலாம். நகரம் வளரட்டும், அந்த வளர்ச்சியில் உங்களுக்கும் ஒரு பங்கு வரட்டும். அடுக்ககம் எழ நகரின் விளிம்பில் இடமிருக்கிறது.

கட்டடத்தை மட்டும் காத்தாலும் ஆபத்து உண்டு. மலேசியாவில், பினாங்கின் ஜார்ஜ் டவுனில், நம் கடலோர ஊர்களிலிருந்து போனவர்கள் வாழ்ந்த சூலியா தெருவும் அதில் அடக்கம், 2000 தொடக்கத்தில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியது. பழைய குடியிருப்பவர்கள் பெருமளவில் வெளியேறினார்கள். 2008இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தபின் விடுதிகளும் உணவகங்களும் பெருகின. முகப்புகள் பளபளக்கின்றன. உள்ளே சமைத்துத் தூங்கிப் பிள்ளை வளர்த்தவர்கள் குறைந்துவிட்டார்கள். நம் கிழக்குத் தெருக்களிலும் அதே காற்று வீசுகிறது. அதனால்தான் நீங்கள் அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரையும், பழைய கட்டடங்களில் அனுபவமுள்ள ஒரு பொறியாளரையும் அழைத்து, உத்திர முனைகளைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை உத்திரம் மாற்ற வேண்டும், தளத்தை எவ்வளவு பிரித்துப் போட வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். இன்டாக்கின் புதுச்சேரிக் கிளையிடம் ஆலோசனை கேளுங்கள். அந்த மதிப்பீட்டையும் கட்டுமான நிறுவனத்தின் ஒப்பந்தத்தையும் வைத்துக்கொண்டு மூன்று பங்காளிகளும் உட்கார்ந்து பேசுங்கள். அதன் பிறகும் இடிப்பதென்று முடிவெடுத்தால் உங்கள் மீது எனக்குக் கோபம் வராது. உங்களை அந்த முடிவுக்குத் தள்ளியவர்கள் மீது வரும்.