இருபதாயிரம் ரூபாய் ஷூ என் மகளுக்குத் தேவையா?

பள்ளி மீட் நடக்கும் காலம் என்பதால் இந்த முறை பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலுகா பக்கத்திலிருந்து வந்த கேள்விகள் எல்லாமே விளையாட்டுப் பொருள்களைப் பற்றியவை.

கேள்வி: மகள் ஒன்பதாம் வகுப்பு. 800 மீட்டரில் உபஜில்லாவைத் தாண்டி ஜில்லா மீட்டுக்குத் தேர்வாகியிருக்கிறாள். அடிப்பாகத்துக்குள் கார்பன் தகடு வைத்த ஷூ போட்டால் நேரம் குறையும் என்று கூட ஓடும் பிள்ளைகள் சொல்கிறார்கள். கோயம்புத்தூரில் விசாரித்தால் இருபதாயிரத்துக்கு மேல் சொல்கிறார்கள். கடன் வாங்கியாவது வாங்கிக் கொடுக்கலாமா? (ஒரு தந்தை, கொழிஞ்சாம்பாறை)

பதில்: வேண்டாம். மகளின் ஓட்டத்துக்கு அந்த ஷூ பொருந்தாது.

முதலில் விதியைப் பாருங்கள். கார்பன் தகடு வைத்த தடித்த ஷூக்கள் சாலை ஓட்டத்துக்காகச் செய்யப்பட்டவை. அங்கே 40 மில்லிமீட்டர் வரை அடித்தடிமன் இருக்கலாம். டிராக்கில் ஓடும் போட்டிகளுக்கு உலகத் தடகள அமைப்பு 2024 நவம்பர் 1 முதல் 20 மில்லிமீட்டர்தான் அனுமதிக்கிறது. அந்த விதியைப் பின்பற்றும் போட்டிக்கு மகள் போகும் நாளில், கடன் வாங்கி எடுத்த ஷூவைக் கழற்றி வைக்கச் சொல்லிவிடுவார்கள்.

அப்புறம், அந்த ஷூ எதைச் செய்கிறது என்பது. தகடு ஸ்பிரிங் மாதிரி காலைத் தள்ளுகிறது என்றுதான் கடைகளில் சொல்கிறார்கள். வேலையின் பெரும்பகுதியைச் செய்வது தகட்டைச் சுற்றியுள்ள நுரை. பீபா (PEBA) எனப்படும் அந்த நுரை, மிதிக்கும்போது வாங்கிய ஆற்றலில் 85 சதவீதத்துக்கும் மேல் திருப்பிக் கொடுக்கும். அதோடு ஒப்பிட்ட வழக்கமான ஈவிஏ (EVA) என்ற நுரை வைத்த பந்தய ஷூ கொடுத்தது சுமார் 65 சதவீதம். தகட்டை அறுத்துவிட்டு ஓடவைத்துப் பார்த்த ஆய்வில்கூட ஓடுவதற்கு ஆகும் ஆற்றலில் குறிப்பிடும்படியான வேறுபாடு தெரியவில்லை. முதன்முதலில் வந்த நைக்கி ஷூவை அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது சராசரியாக 4 சதவீத ஆற்றல் மிச்சமானது. அது மணிக்கு 14 முதல் 18 கிலோமீட்டர் வேகத்தில், நல்ல பயிற்சி பெற்ற ஆண்களிடம் அளந்தது. மணிக்கு 10, 12 கிலோமீட்டர் என்று மெதுவாக ஓடினால் அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. ஆளுக்கு ஆளும் மாறும். மாரத்தான் ஓடுகிறவர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒவ்வொரு அடியிலும் மிச்சம் பிடிக்கிறார். மகளின் பந்தயமோ இரண்டரை, மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும்.

அவளுக்குத் தேவை இரண்டு ஜோடி. ஒன்று, நடுத்தூர ஓட்டத்துக்கான ஸ்பைக், அதாவது அடியில் ஆணி வைத்த ஷூ. சிந்தெடிக் டிராக்கில் ஆணி 9 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. பெரும்பாலும் 6 போதும். பள்ளி மைதானம் செம்மண் என்றால் நீள ஆணி வேண்டும், அதனால் ஆணியைக் கழற்றி மாற்றக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். மற்றொன்று, அன்றாடப் பயிற்சிக்கு ஒரு சாதாரண ஓட்ட ஷூ. அவள் வாரம் முழுக்க ஓடப்போவது இதில்தான், காசை இதில் போடுங்கள். இரண்டும் சேர்ந்தாலும் நீங்கள் சொன்ன தொகையில் பாதியைத் தாண்டாமல் முடிக்கலாம்.

கடைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு சாயங்காலம் போங்கள். பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் இருக்கும். ஓடும்போது போடுகிற சாக்ஸைப் போட்டு நிற்கச் சொல்லி, பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று அமுக்கிப் பாருங்கள். ஸ்பைக்குக்கு அவ்வளவு இடம் கூடாது. விரல் மடங்காத அளவுக்குக் கச்சிதமாக இருக்க வேண்டும். பின்னங்காலைப் பிடிக்கும் பகுதியை விரலால் நசுக்கினால் அது சட்டென்று மடங்கக்கூடாது. ஷூவை இரண்டு கையாலும் பிடித்து மடக்கினால் விரல்கள் மடங்குகிற இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் வேண்டாம்.

500 முதல் 800 கிலோமீட்டர் ஓடியபின் நுரை செத்துவிடும். மேல்துணி புதிதாகத் தெரிந்தாலும் அடிப்பகுதியின் பக்கவாட்டில் சுருக்கக் கோடுகள் நிறைய விழுந்திருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

கேள்வி: வயது 46. தினமும் சாயங்காலம் ஊர் மைதானத்தில் ஷட்டில் ஆடுகிறேன். வேகமாக அடிக்கலாம் என்று மட்டையில் 28 பவுண்டு இறுக்கத்தில் நரம்பு கட்டினேன். இப்போது முழங்கை வலிக்கிறது. மட்டையை மாற்றவா? (ஒரு வாசகி, சித்தூர்)

பதில்: மட்டையை மாற்றாதீர்கள் அக்கா, நரம்பை மாற்றுங்கள். இறுக்கம் கூடினால் அடி வேகம் கூடும் என்பது தவறு. தளர்ந்த நரம்பு உள்வாங்கித் திருப்பித் தள்ளும், அடியில் வேகத்தைத் தருவது அதுதான். இறுக்கிக் கட்டிய நரம்பு ஷட்டிலைத் துல்லியமாக அனுப்ப உதவும், ஆனால் வேகத்தை ஆடுகிறவரின் கைதான் கொடுக்க வேண்டும். அப்படிக் கட்டிய மட்டையில் ஷட்டில் நடுப்பகுதியில் பட்டால்தான் சரியாகப் போகும். சற்று விலகினால் அதிர்வு நேராக முழங்கைக்கு ஏறும். 28 பவுண்டு போட்டி ஆட்டக்காரர்கள் கட்டுகிற அளவு. 22 முதல் 24க்குள் கட்டுங்கள். கைப்பிடி மெலிதாக இருந்து அதை இறுக்கிப் பிடித்தாலும் வலி வரும், ஒரு சுற்று கிரிப் கூடச் சுற்றிப் பாருங்கள். இரண்டு வாரம் ஓய்வு கொடுத்தும் வலி நிற்கவில்லை என்றால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

திறந்த மைதானம் என்றால் இறகு ஷட்டிலுக்குச் செலவழிக்காதீர்கள். ஐந்து கிராம்தான் எடை, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அதை எங்கோ கொண்டுபோகும். நைலான் ஷட்டில் வாங்குங்கள். தலையைச் சுற்றிய பட்டை பச்சையாக இருந்தால் மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகமானது. சூடான காற்று லேசானது, அதில் ஷட்டில் கூடுதல் தூரம் போகும் என்பதால் மார்ச், ஏப்ரலில் பச்சை நல்லது.

கேள்வி: டென்னிஸ் பந்து கிரிக்கெட் டோர்னமென்ட் ஆடுகிறோம். இங்கிலீஷ் வில்லோ மரத்தில் செய்த பேட் வாங்கினால் சிக்ஸர் தூரம் போகுமா? (பிளஸ் டூ மாணவர், மீனாட்சிபுரம்)

பதில்: போகாது தம்பி. இங்கிலீஷ் வில்லோவின் விலையே 156 முதல் 163 கிராம் எடையுள்ள தோல் பந்துக்காகத்தான். டென்னிஸ் பந்து அதில் பாதி எடைகூட இல்லை, அடிக்கும்போது பந்துதான் நசுங்குகிறது, மரம் இல்லை. காஷ்மீர் வில்லோ போதும். எடை எவ்வளவு என்று கேட்பதைவிட, கைப்பிடியின் மேல்முனையைப் பிடிக்கிற கையால் மட்டும் பேட்டைத் தூக்கி நேராக நீட்டிப் பார். நுனி கீழே இழுத்தால் உன்னால் வேகமாகச் சுழற்ற முடியாது. தூரத்தைத் தீர்மானிப்பதில் அந்தச் சுழற்சி வேகத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

கேள்வி: பொள்ளாச்சியில் வாங்கிய ஃபுட்பால் பூட், மூன்றே வாரத்தில் முன்பக்கம் பிளந்துவிட்டது. விளையாட்டுச் சாமானுக்குக் கேரண்டி கிடையாது, திரும்ப எடுப்பதில்லை என்று கடையில் சொல்லிவிட்டார்கள். தமிழ்நாட்டுக் கடை, நான் கேரளத்தில் இருக்கிறேன். என்ன செய்யலாம்? (ஒரு வாசகர், வேலந்தாவளம்)

பதில்: அப்படிச் சொல்லிவிட்டு அவர்கள் ஒதுங்க முடியாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராமல் விற்பதும் அப்படியே. மூன்று வாரம்தான் ஆகிறது, அதனால் இன்றே எழுத்தில் கேளுங்கள். பிளந்த இடம், அடிப்பக்கம், பில் மூன்றையும் படம் எடுத்து அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் வழக்கு. கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஜில்லாவிலேயே தொடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. அதாவது பாலக்காட்டிலேயே. ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

ஒன்றை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். புல்தரைக்கான நீளக் குமிழ் பூட்டைச் செயற்கைப் புல் டர்ஃபில் போட்டு ஆடினீர்களா? அப்படியானால் பல கம்பெனிகள் பொறுப்பேற்பதில்லை, கடைக்காரர் அதைத்தான் பிடித்துக்கொள்வார். அந்தக் குமிழ் செயற்கைப் புல்லில் மாட்டிக்கொள்ளும், கால் நின்றுவிட உடம்பு திரும்பும், முட்டியின் ஜவ்வு கிழிய அது போதும். டர்ஃபில் ஆட, சின்னச் சின்ன ரப்பர் குமிழ்கள் நிறைய உள்ள டர்ஃப் ஷூ வேண்டும். பூட்டை வெயிலில் காயவைக்காமல் உள்ளே பழைய பேப்பரைத் திணித்து நிழலில் வையுங்கள், அடிப்பாகத்தை ஒட்டிய பசை சூட்டில்தான் முதலில் இளகும்.