பிள்ளை பெற்ற பத்தாம் நாள் தலைவலி

அம்மா, திருத்துறைப்பூண்டியிலிருந்து நீங்கள் கேட்ட ஆறு கேள்விகளில் அவசரம் ஒன்றுக்குத்தான். பிரஷர் ஏறி 36 வாரத்திலேயே ஆபரேஷனில் பிள்ளை பெற்றவள் உங்கள் மகள். பத்தாம் நாள் தலை வலிக்கிறது, கண்ணுக்குள் பூச்சி பறக்கிறது என்கிறாள். இதைப் படித்ததும் 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டும் மாத்திரை அட்டையும் கையில் இருக்கட்டும். 'பச்சை உடம்பு, காத்து பட்டிருக்கும்' என்று தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். நீங்கள் பயப்படும் வலிப்பு பெரும்பாலும் இந்தத் தலைவலிக்குப் பின்னால்தான் வரும்.

பிள்ளை பிறந்ததும் பிரஷர் போய்விடாது. கர்ப்பத்தில் உடம்பில் தேங்கிய நீர், பிறகு ரத்தக் குழாய்களுக்குத் திரும்பும். அதனால் மூன்று முதல் ஆறு நாளுக்குள் பிரஷர் உச்சத்துக்கு ஏறும். ஆறு வாரம் வரை அபாயம் உண்டு. இந்த நேரம் பார்த்தா, மருந்து பாலில் போகும் என்று யூடியூபில் எவரோ சொன்னார் என்று பிரஷர் மாத்திரையை நிறுத்துவது? நிஃபெடிபின், லேபெடலால், எனலாப்ரில் என்ற பிரஷர் மாத்திரைகள் எல்லாம் தாய்ப்பாலில் போவது மிகமிகக் குறைவு. பால் கொடுப்பவளுக்கென்றே தேர்ந்து எழுதுகிறோம்.

ஆபரேஷனுக்காக முதுகில் போட்ட மரப்பு ஊசியாலும் தலைவலி வரும். உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். எது என்று வீட்டில் முடிவுகட்ட வேண்டாம். மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரையும் வாங்காதீர்கள்.

வீடு திரும்பியபின் காலையும் மாலையும் பிரஷர் பாருங்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் ஊன்றி, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். பால் கொடுத்துக்கொண்டே பார்க்கக் கூடாது. 140/90 தாண்டினால் அன்றே டாக்டர். மேல் அளவு 160 அல்லது கீழ் அளவு 110 தொட்டு, கால் மணி நேரம் கழித்தும் இறங்கவில்லையென்றால் மறுபடி 108. தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, மூச்சிரைப்பு இருந்தால் அந்தக் கால் மணி நேரமும் காக்க வேண்டாம்.

நீங்கள் கேட்ட மற்றவை: இரண்டு காலும் ஒன்றுபோல் வீங்கினால் பெரும்பாலும் தானாக வடியும், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் உடனே காட்டுங்கள். உதிரம் பழுப்பாவது இயல்பு. பூண்டுக் குழம்பு சாப்பிடட்டும். உப்பேறிய கருவாடு இப்போதைக்கு வேண்டாம். தண்ணீரை அளந்து குறைத்துக் கொடுக்காதீர்கள்.

ஆறாம் வாரம் கட்டாயம் செக்கப்புக்கு வரவேண்டும். 12 வாரத்துக்குப் பின்னும் பிரஷர் இறங்காவிட்டால் காரணம் தேட வேண்டும். அடுத்த கர்ப்பம் தரித்தால், நாள் தள்ளியதுமே டாக்டரிடம் சொல்லுங்கள். 12-ஆம் வாரத்திலேயே சிறு அளவு ஆஸ்பிரின் தொடங்க வேண்டியிருக்கும்.