பரியாரியார் துண்டில் உள்ள 'எட்டொன்று', 'திரிகடி', 'அனுபானம்'

வணக்கம். மாங்குளத்துப் பரியாரியார் (நாட்டு வைத்தியர்) உங்கள் அப்பாவின் இருமலுக்கு எழுதித் தந்த துண்டில் பாதி விளங்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

'ஆடாதோடைக் குடிநீர், எட்டொன்றாய்க் காய்ச்சி' என்பதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். குடிநீர் என்றால் இங்கே கஷாயம். எட்டில் ஒரு பங்கை வற்ற விடுவதில்லை, ஒரு பங்கு மட்டும் மிஞ்சும்வரை வற்ற வைப்பது. கண்மட்டத்துக்கு விடாதீர்கள். முதலில் சட்டியில் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி, ஈர்க்கைச் செங்குத்தாக விட்டு, நனைந்த இடத்தில் நகத்தால் கீறுங்கள். பிறகு மருந்தோடு இன்னும் ஏழு தம்ளர் ஊற்றி, அந்தக் கீறல் வரும்வரை சிறுதீயில் காய்ச்சுங்கள். அம்மம்மா காட்டித் தந்த வழி, இன்றைக்கும் எனக்கு அதுதான் அளவுகோல்.

சூரணம் என்றால் பொடி. திரிகடுகு சூரணம் சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சம அளவு சேர்ந்தது. 'திரிகடி' என்றிருப்பது அளவு, மூன்று விரல் நுனியில் அள்ளுவது. திரிகடுகையும் திரிகடியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம், நானும் ஒருகாலத்தில் குழம்பியவன்தான். மண்டலம் என்பது மருந்து உண்ணும் கால அளவு, பெரும்பாலும் 48 நாள், 40 என்று கொள்பவர்களும் உண்டு. கேட்டு விடுங்கள்.

அனுபானம் என்பது மருந்தைக் குழைத்துக் கொடுக்கும் துணைப்பொருள். உங்கள் துண்டில் தேன். ஆனால் அப்பாவுக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு) என்றும் எழுதியிருக்கிறீர்களே, அதைப் பரியாரியாரிடம் சொன்னீர்களா? சொல்லாவிட்டால் தேன் தொடங்கும் முன் சொல்லுங்கள், வெந்நீருக்கு மாற்றித் தரக்கூடும். கிளினிக் குளிசைகளையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.