சீனக் கூட்டு நிறுவனத்தில் உச்ச அதிகாரம் யாருக்கு?

வணக்கம். சீன-வெளிநாட்டுக் கூட்டு நிறுவனத்தில் இயக்குநர் குழுவுக்குத்தான் உச்ச அதிகாரம் என்கிறது உங்கள் புத்தகம், விடைக்குறிப்போ பங்குதாரர் கூட்டம் என்கிறது, எது சரி என்று கேட்டிருந்தீர்கள். விடைக்குறிப்புதான் சரி. உங்களிடம் இருப்பது பழைய பதிப்பு. 2020 ஜனவரி 1-ல் வெளிநாட்டு முதலீட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும், வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களுக்கென இருந்த மூன்று தனிச் சட்டங்களும் போய்விட்டன. இப்போது அந்த நிறுவனங்களுக்கும் பொதுவான நிறுவனச் சட்டம்தான்; அதன்படி உச்ச அதிகாரம் பங்குதாரர் கூட்டத்துக்கு. பழைய நிறுவனங்கள் மாறிக்கொள்ளத் தந்த ஐந்து ஆண்டு அவகாசமும் 2024-ஓடு முடிந்தது.

அந்த நிறுவனச் சட்டமே 2024 ஜூலை 1 முதல் திருத்தப்பட்ட வடிவில்தான் இருக்கிறது. அதில் 47-ம் பிரிவைக் கட்டாயம் படியுங்கள். வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனத்தில், பங்குதாரர் தருவதாக ஒப்புக்கொண்ட மூலதனத்தை நிறுவனம் தொடங்கி ஐந்து ஆண்டுக்குள் கட்டியாக வேண்டும். முன்பு முப்பது வருடம் என்றுகூட எழுதி வைக்க முடிந்தது. எனக்கு இதுதான் மிக முக்கியமான மாற்றமாகத் தெரிகிறது.

அப்புறம், ஒப்பந்தப் பகுதிக்கும் அந்தப் புத்தகத்தை நம்ப வேண்டாம். 1999 ஒப்பந்தச் சட்டம் இப்போது இல்லை. 2021 முதல் குடிமைச் சட்டத் தொகுப்பின் மூன்றாம் பாகம்தான். 463-ம் பிரிவிலிருந்து தொடங்குங்கள். 585-ஐ நிதானமாகப் படியுங்கள்: ஒப்பந்தத்தில் எழுதிய இழப்பீடு உண்மை நட்டத்தைவிட மிக அதிகம் என்றால், குறைக்கச் சொல்லி ஒரு தரப்பு கேட்டால் நீதிமன்றம் அதைக் குறைக்கலாம்.