முழு வண்டிக்கும் பெயிண்ட் அடிக்காதீர்கள்

கேள்வி: எங்கள் கார் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. கருநீல நிறம். சென்னையில் அடுக்குமாடி வாசலில், திறந்த வெளியில்தான் நிற்கிறது. தினமும் ஆள் வந்து துடைத்துவிட்டுப் போகிறார். ஆனாலும் வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி கோடு கோடாகத் தெரிகிறது. இடது பக்கக் கதவில் ஒரு பைக் உரசிய நீளமான கீறல் இருக்கிறது. அதில் இரண்டு இடத்தில் வெள்ளையாகத் தெரிகிறது. பின் பம்பரில் சுவரில் உரசி மஞ்சள் பெயிண்ட் ஒட்டியிருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் முழு வண்டிக்கும் பெயிண்ட் அடித்துவிடலாம் என்கிறார்கள். பல் துலக்கும் பேஸ்ட் தேய்த்தால் போகும் என்கிறார் நண்பர். செராமிக் கோட்டிங் போட்டால் எல்லாம் மறைந்துவிடுமா?

பதில்: முழுப் பெயிண்ட் என்ற யோசனையை முதலில் கைவிடுங்கள். நீங்கள் சொல்லும் எதற்கும் அது தேவையில்லை. தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் உங்கள் காரில் இருக்கும் விலை உயர்ந்த பொருள்களில் ஒன்று. அங்கே பெயிண்ட் அடிக்கும்போது சீட், ஒயரிங், டேஷ்போர்டு, ரப்பர் எதுவும் இருக்காது, வெறும் கூடுதான். அதனால் மேல்பூச்சை ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி இறுக வைக்க முடிகிறது. முழு வண்டியாகிவிட்ட பிறகு அந்தச் சூட்டைக் கொடுக்கவே முடியாது. பெயிண்ட் அடிக்கவென்றே நல்ல பூத் (மூடிய அறை) வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில்கூட 60 டிகிரி அளவில்தான் உலர்த்துவார்கள். திறமையான பெயிண்டர் அடித்த பெயிண்ட் அழகாகவே இருக்கும், ஆனால் பழைய இறுக்கம் வராது. நாளைக்கு வண்டியை விற்கப் போனால், வாங்குபவர் பெயிண்ட் தடிமன் பார்க்கும் கருவியை வைத்துவிட்டு, விபத்தில் அடிபட்ட வண்டியா என்று கேட்பார்.

இப்போது எது எவ்வளவு ஆழம் என்று பார்ப்போம். இரும்புத் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன் மேல் பிரைமர், பிறகு நிறம், கடைசியாக நிறமே இல்லாத கிளியர் கோட். நான்கும் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 100 முதல் 140 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரும். கிளியர் கோட் மட்டும் 40 மைக்ரான் சுமார். தலைமுடி ஒன்றின் தடிமனைவிடக் குறைவு. பளபளப்பு இருப்பதும் இதில்தான், வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் இருப்பதும் இதில்தான். பாலிஷ் போடுவது என்றால் இந்தப் படலத்தைக் கொஞ்சம் சீவி, கீறலின் அடிமட்டத்துக்கு மற்ற இடத்தையும் கொண்டுவருவது. சீவியது திரும்ப வளராது. அதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரப்பிங் (கரகரப்பான பசையால் தேய்க்கும் பாலிஷ்) போடும் பழக்கத்தை நான் எதிர்க்கிறேன். சில வருடங்களில் பானெட்டும் கூரையும் வெளுத்து, தோல் உரிவதுபோல் உரிய ஆரம்பிக்கும். அந்த நிலைக்குப் போனால் பெயிண்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை.

கதவுக் கீறலுக்கு ஒரு சோதனை செய்யுங்கள். அந்த இடத்தைக் கழுவிக் காயவிட்டு, ஈர விரலால் கீறலின் மேல் தடவுங்கள். தண்ணீர் பட்டதும் கோடு மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரிந்தால் கீறல் கிளியர் கோட்டோடு நிற்கிறது. கீறலின் ஓரங்கள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் அது வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் பள்ளத்தை நிரப்பியதும் சிதறல் நின்றுவிடுகிறது. அடுத்து, நகத்தைக் குறுக்கே மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டாமல் வழுக்கினால் பாலிஷில் போய்விடும். நகம் மாட்டினால் முழுதாகப் போகாது. முழுதாகப் போகும்வரை தேய்க்கச் சொன்னால் நிறம் வரை போய்விடுவார்கள். ஓரங்களை மழுக்கி, கண்ணுக்குப் படாத அளவுக்கு மங்க வைத்தால் போதும்.

நனைத்த பிறகும் வெள்ளையாகவே இருக்கும் அந்த இரண்டு இடங்கள் பிரைமர் வரை போனவை. அங்கே டச்சப்தான், அதாவது அந்தப் புள்ளியில் மட்டும் அதே நிறப் பெயிண்டைத் தொட்டு வைப்பது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணிலோ, பானெட்டுக்குள்ளோ இருக்கும் ஸ்டிக்கரில் பெயிண்டின் நிறக் குறியீடு (கலர் கோட்) இருக்கும். நீலம் என்று சொல்லி வாங்காமல் அந்தக் குறியீட்டைச் சொல்லி வாங்குங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பல்குத்தும் குச்சியின் நுனியால் பள்ளத்துக்குள் மட்டும் மெல்லிய பூச்சாக வையுங்கள். பாட்டிலோடு வரும் பிரஷ் ரொம்பத் தடிமன். அதை வைத்தால் திட்டுத் திட்டாகத்தான் வரும். காய்ந்ததும் அடுத்த பூச்சு, கடைசியில் கிளியர், சுற்றியுள்ள மட்டத்துக்கு மேல் மயிரிழை உயரமாக நிற்கும்வரை. ஒரு வாரம் இறுக விட்டு, 2500 அல்லது 3000 நம்பர் வாட்டர் பேப்பரை (மிக நைசான உப்புத்தாள்) நனைத்து அந்தப் புள்ளியை மட்டும் சமப்படுத்தி, கையால் காம்பவுண்ட் (தேய்த்துப் பளபளப்பாக்கும் பசை) போடுங்கள். உற்றுப் பார்த்தால் தெரியும், நின்று பார்த்தால் தெரியாது. நம் ஊர் ஈரப்பதத்தில் இரும்பு வெளியே தெரிந்தால் சீக்கிரம் துருப் பிடிக்கும். அதனால் மழைக்காலத்துக்கு முன் இதை முடித்துவிடுங்கள்.

இந்தக் கதவுக்காக இன்ஷூரன்ஸ் கிளெய்ம் போடவும் வேண்டாம். ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டியிருந்தால் உங்கள் வண்டியின் சேதத்துக்கான பிரீமியத்தில் உங்களுக்கு 50 சதவீதம் தள்ளுபடி ஓடிக்கொண்டிருக்கும். ஒரு கிளெய்மில் அது போய்விடும்.

பம்பரில் இருப்பது பெரும்பாலும் கீறலே அல்ல, சுவரின் பெயிண்ட் ஒட்டியிருப்பது. மைக்ரோஃபைபர் துணியில் கொஞ்சம் காம்பவுண்ட் எடுத்து விரலால் அழுத்தித் தேய்த்தால் பெரும்பாலும் வந்துவிடும். தின்னர் வேண்டாம், பக்கத்தில் உள்ள கருப்புப் பிளாஸ்டிக்கில் பட்டால் வெளுத்துவிடும். பம்பரில் துருப் பயம் இல்லை, அவசரமும் இல்லை.

இனி பானெட்டில் தெரியும் வலைக்கு வருகிறேன். அதற்குக் காரணம் தினசரித் துடைப்புதான். ஒரே வாளித் தண்ணீர், ஒரே துணி, வரிசையாகப் பத்து வண்டி. மூன்றாவது வண்டிக்கு வரும்போதே துணியில் மணல் ஏறியிருக்கும். துடைப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு வண்டிக்கு நாம் கொடுக்கும் கூலியில் வேறு விதமாக அவரால் செய்ய முடியாது. கண்ணாடியும் டயரும் மட்டும் தினமும் துடைக்கச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை முதலில் ஓஸ் தண்ணீரால் மண்ணை இறக்கிவிட்டு, கார் ஷாம்பு போட்டு, மேலிருந்து கீழாகக் கழுவ வேண்டும். போர்வெல் தண்ணீராக இருந்தால் வெயிலில் காயவிடாதீர்கள், உப்புத் திட்டு படியும். காக்கை எச்சத்தை அன்றைக்கே ஈரத் துணி போட்டு ஊறவைத்து எடுங்கள், சுரண்டாதீர்கள். தூசியாக இருக்கும் வண்டிமேல் கவர் போட்டால் காற்றில் கவர் ஆடி ஆடி அதுவே கீறும்.

ஏற்கெனவே விழுந்த வலையை எடுக்க ஒருமுறை சரியான பாலிஷ் போதும். டூயல் ஆக்‌ஷன் மெஷின் வைத்திருக்கும் டீட்டெய்லிங் (காரை நுணுக்கமாகச் சுத்தம் செய்து பாலிஷ் போடும்) கடையாகப் பாருங்கள். அது சுற்றிக்கொண்டே அசைவதால் ஒரே இடத்தில் சூடு ஏறாது. பழைய ரோட்டரி மெஷின் அனுபவசாலி கையில் நன்றாக வேலை செய்யும். புதுப் பையன் கையில் பானெட் மடிப்பிலும் கதவு ஓரத்திலும் கிளியர் கோட்டைக் கருக்கிவிடும். அந்த ஓரங்களில் பெயிண்ட் இயல்பாகவே மெல்லியது. முதலில் ஒரு சதுர அடியில், இருப்பதிலேயே மென்மையான பாலிஷ் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்டும்போது அந்த இடத்தை ஆல்கஹால் கலந்த தண்ணீரால் துடைக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பாருங்கள். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பிச் சில நாள் மறைத்து வைக்கும். துடைத்த பிறகும் தெரியாவிட்டால்தான் உண்மையாகப் போயிருக்கிறது. தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய் தடவி வரும் பளபளப்பும் இதே மறைப்புத்தான், கூடவே தூசியையும் இழுக்கும். பேஸ்ட்டில் இருப்பது பல்லுக்கான தேய்ப்பான். சின்னக் கோடு ஒன்று மங்கலாம், கருநீல வண்டியில் அந்த இடம் மட்டும் மேகமூட்டமாக நிற்கும். அதைத் தொடாதீர்கள்.

செராமிக் கோட்டிங் கீறலை எடுக்காது. பாலிஷ் போடாமல் பூசினால் கீறலுக்கு மேலேயே அது இறுகிக்கொள்ளும். பிறகு எடுக்க வேண்டுமென்றால் கோட்டிங்கையும் சேர்த்துத் தேய்க்க வேண்டும். கடையில் சொல்லும் 9எச் என்பது பென்சில் முனையால் பார்க்கும் கடினத்தன்மை, சாவியால் கீறினால் கீறும். தண்ணீரும் தூசியும் ஒட்டாமல் வழுக்கும், கழுவுவது சுலபமாகும். அந்த அளவுக்கு நல்ல பொருள்தான். ஆனால் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் பாலிஷுக்குக் கொடுத்துவிட்டு, மேலே சின்தெடிக் சீலன்ட் (மெழுகுபோல் பூசும் பாதுகாப்புப் படலம்) பூசிக்கொள்ளுங்கள். நான்கைந்து மாதத்துக்கு ஒருமுறை நீங்களே கையால் பூசலாம், அதற்கு மெஷினும் வேண்டாம், கிளியர் கோட்டும் குறையாது. பூசும்போது நிழலில், பானெட் கைக்குக் குளிர்ந்திருக்கும் காலை நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.